தறியிலிருந்து தரைக்கு: காஞ்சிபுரத்தில் வீட்டு வரியின் வரலாறு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சொந்த வீடு உள்ள நெசவாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார். அந்த வரிக் கணக்கில் கட்டடத்தின் பரப்பு உண்டு, தறி கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தறியே வரிக்குரிய பொருளாக இருந்தது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தறி வரி ஒழிந்துவிட்டது என்பது பாதி உண்மைதான் என்பது என் முடிபு.

காஞ்சியை ஆண்ட பல்லவர்கள் பிரமதேய ஊர்களுக்கு, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊர்களுக்கு, தந்த விலக்குகளிலிருந்துதான் பழைய வரிகளை நாம் அறிகிறோம். இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேட்டிலுள்ள விலக்குப் பட்டியலில் செக்கும் தறியும் வருகின்றன. ஓர் ஊருக்கு விலக்கு அளித்தார்கள் என்றால் மற்ற ஊர்களில் வசூலித்தார்கள் என்றே கொள்ள வேண்டும். சோழர் ஆவணங்களிலும் தறியிறை தொடர்கிறது.

10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு காஞ்சியைப் பற்றியே பேசுவது. இன்று அது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு நகரத்தின் நிறைகூலியும் அளவுகூலியும், அதாவது எடை போடுவதிலும் முகந்து அளப்பதிலும் கிடைத்த வருவாய், சேர வேண்டும் என்கிறது அது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி ஆகிய நான்கு நெசவுச் சேரிகளும் அதில் இடம்பெறுகின்றன. கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு நெசவாளரிடம் விடப்பட்டது. வரி கொடுப்பவரே வருவாயைக் கண்காணித்த ஏற்பாடு இது. சேரியாகக் கூடிப் பேசும் வலிமை அவர்களுக்கு இருந்ததை இது காட்டுகிறது. இன்றைய வீட்டுக்காரர் தனி ஆளாக வரி நோட்டீஸை எதிர்கொள்கிறார்.

விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் தறி வரியோடு வாசற்பணம் என்ற வீட்டு வரியும் வருகிறது. தண்டும் (பல்லக்கு) சங்கும் வைத்துக்கொள்ளும் உரிமையில் காஞ்சியின் நெசவுச் சமூகத்தாரான கைக்கோளரை மற்ற ஊர்க் கைக்கோளர் முன்மாதிரியாகக் காட்டியதும் அக்காலத்தில்தான்.

1763இல் ஆற்காட்டு நவாபு, காஞ்சிபுரமும் அடங்கிய செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய கணக்கெடுப்பு ஊர்தோறும் வீடுகளைத் தொழில்வாரியாக எண்ணியது. ஆனால் எண்ணியது வேறு, வரி போட்டது வேறு. கம்பெனி ஆட்சியிலும் மோத்தர்பா என்ற பெயரில் தொழில்மீதும் கருவிமீதும் வரி நீடித்தது. ஓரிடத்தில் தறிக்கு, இன்னோரிடத்தில் வீட்டுக்கு, வேறோரிடத்தில் கடைக்கு என்று ஒழுங்கே இல்லாத வரி அது. துணி வணிகரான காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்ற சென்னைச் சுதேசி சங்கம், பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு 1852இல் அனுப்பிய மனுவில் இதைக் கடுமையாகச் சாடியது. 1860இல் வருமான வரி வந்ததையடுத்து மோத்தர்பா கைவிடப்பட்டது. தறி அன்று விடுதலை பெற்றது எனலாம்.

விடுதலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டத்தைத் தொடர்ந்து, 1866இல் காஞ்சிபுரம் நகராட்சி ஆனது. சாலைக்கும் சுகாதாரத்துக்கும் பணம் வேண்டும்; நகராட்சி வீட்டைப் பிடித்துக்கொண்டது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அளவுகோலைத் தெளிவாக வகுத்தது: வீடு ஆண்டுக்கு என்ன வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட வேண்டும், அதில் கட்டடத்துக்குரிய பங்கில் 10 சதவீதத்தைக் கழித்து, மீதியை ஆண்டு மதிப்பாகக் கொள்ள வேண்டும். தாத்தா காலத்திலிருந்து வாடகைக்கே விடாத வீட்டுக்கும் கற்பனை வாடகை கணக்கிடப்பட்டது. வழிபாட்டிடங்களுக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது. ஒருகாலத்தில் நகர வருவாயைப் பெற்ற கோயில், வரி கேட்கப்படாத கட்டடம் ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்தது. இப்போது அது ரூபாய்க்கு 10 காசு.

கோயில் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அடிமனை கோயிலுடையதாகவும் கட்டடம் குடியிருப்பவருடையதாகவும் உள்ள வீடுகளில், மனைக்கான வாடகை கோயிலுக்கும் கட்டடத்துக்கான வரி உள்ளாட்சிக்கும் போகிறது. வரி ரசீதைப் பத்திரத்துக்குச் சமமாகப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. வரி கட்டியதற்கு அது சாட்சி. மனைக்கு உரிமை தராது.

2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சி ஆனது. 15ஆவது நிதிக்குழு, மானியம் பெறுவதற்குச் சொத்து வரி உயர்வை நிபந்தனையாக்கியிருந்தது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த சீராய்வில், சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் குடியிருப்புகளுக்கு உயர்வு இப்படி அமைந்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சிறிய வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. காஞ்சியில் அந்த நியாயம் இடறுகிறது. பட்டுத்தறிக்குக் குழி வேண்டும், பாவு நீள்வதற்கு இடம் வேண்டும். இரண்டு தறி ஓடும் வீட்டில் கூடத்தின் பெரும்பகுதியைத் தறிகளே எடுத்துக்கொள்ளும். குடும்பம் பின்கட்டில் ஒதுங்கும். அத்தகைய வீடு 600 சதுர அடியைத் தாண்டினால், அதைத் தாண்ட வைத்தது வசதி அன்று, தறி. 1860களில் வாசல் வழியே வெளியேறிய தறி வரி, தரையளவின் வழியே திரும்பி வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உண்டு. பரப்பும் பயன்பாடும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்து, தவறு இருந்தால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 2023 விதிகளின்படி அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டுவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி.

அரசு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அடுத்த சீராய்வில், நெசவாளர் குடியிருக்கும் வீட்டின் பரப்பைக் கணக்கிடும்போது தறி நிற்கும் தரையைக் கழித்துவிட வேண்டும்.