கைகாட்டியவன்

ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் என் ஞாபகத்தில் தங்கிவிட்டவன் நாயகனல்ல, கறுப்பு முகமூடிக்காரனுமல்ல. மாஸ் ஐஸ்லி என்ற ஊரின் தெருவோரம் நிற்கும் ஒரு ஒற்றன். தலையை மூடிய கறுப்பு அங்கி, கண்ணாடி போட்ட கண்கள், தும்பிக்கை போல நீண்ட மூக்கு. வண்டியை விற்றுவிட்டு லூக்கும் கிழவர் கெனோபியும் நடந்து போகிறார்கள். இவன் பின்தொடர்கிறான்; கையிலிருக்கும் கருவியில் ஏதோ ரீங்கரிக்கிறான். சிப்பாய்கள் ஓடிவந்து வழி கேட்கிறார்கள். 94ஆம் எண் கப்பல்துறையின் வாசலைக் கைகாட்டுகிறான். அதோடு அவன் தீர்ந்துபோகிறான். கூலி வாங்கியதாகத் தெரியவில்லை, தண்டனையும் இல்லை. காட்டிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஒருவன் இருந்ததே கடைசிவரை தெரியாது.

அந்த ரீங்காரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. படத்தின் ஒலியமைப்பாளர் பென் பர்ட் பல வருஷங்களுக்குப் பின் தன் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டபோது, மின்கருவி வழியே உருத்தெரியாமல் மாறிப்போன அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு மனிதக் குரல் இருப்பதைக் கண்டார். ஸ்டூடியோ குப்பையில் எறிந்த நாடாவிலிருந்து அவர் எடுத்திருந்த ஜான் வெய்னின் குரல்!

குதிரைமேல் வந்து நீதி வழங்கிய அதே வெய்ன் 1949இல் 'அமெரிக்க லட்சியங்களைக் காக்கும் திரைப்படக் கூட்டணி'யின் தலைவரானார். 1944இல் தொடங்கிய அந்த அமைப்பின் அங்கத்தினர்கள், 1947இல் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால் விருப்பத்தோடு சாட்சி சொன்னவர்கள். பதில் சொல்ல மறுத்த பத்துப்பேர் சிறைக்குப் போனார்கள். பெயர் சொல்லப்பட்ட எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். பர்ட் இதை உத்தேசித்துச் செய்யவில்லை. சரித்திரம் தற்செயலின் வழியாகவும் பேசும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1952இல் எலியா கஸான் அதே குழுவிடம் எட்டுப்பேரின் பெயர்களைச் சொன்னார். 1954இல் 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' எடுத்தார். அதில் சாட்சி சொல்பவன்தான் நாயகன். மார்லன் பிராண்டோவின் முகம் அவனுக்கு. காயம், காதல், மனசாட்சி எல்லாம் அவனுக்கு. நல்ல படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சங்கடமே அதுதான். 1999இல் கஸானுக்குக் கௌரவ ஆஸ்கர் தந்தபோது அரங்கில் சிலர் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். கலை மன்னித்த பிறகும் ஞாபகம் மன்னிக்காத தருணம் அது.

மூக்குக்காரனுக்கும் காலப்போக்கில் எல்லாம் வந்து சேர்ந்தன. படத்தின் பட்டியலில் பெயரில்லாதவன், 1990களில் சீட்டாகவும் பொம்மையாகவும் கடைக்கு வந்தபோது காரிண்டன் ஆகியிருந்தான். 2017இல் வந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் அவன் பக்கத்துக் கதையும் எழுதப்பட்டது. ஒற்றனும் மனிதன்தானே (அல்லது மனிதன் மாதிரி) என்று கேட்கலாம். வாஸ்தவம். அந்தரங்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இலக்கியம் அதைக் கைகாட்டியவனுக்கே முதலில் வழங்குவது எனக்கு உறுத்துகிறது. சுட்டிய விரலுக்குத் துக்கம் எழுதிவிடுகிறோம். சுட்டப்பட்டவர்கள் எண்ணிக்கையாக நிற்கிறார்கள்: எட்டுப்பேர், பத்துப்பேர். நானும் இங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கஸானின் பெயர் இருக்கிறது, அந்த எட்டுப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பட்டியலை முதலில் படிக்கவேண்டும். கைகாட்டியவனின் கதைக்கு அப்புறம் நேரம் இருக்கிறது.