கொற்கைத் தாழியும் மண் பொருத்தும் முறையும்

கொற்கை என்ற அளவில் முத்தே நம் நினைவிற்கு வரும். கி. பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்கர் ஒருவர் எழுதிய செங்கடற் செலவு நூலும், பின்வந்த தாலமியின் நூலும் இப்பட்டினத்தை முத்துக்குளிக்கும் இடத்தொடு சார்த்தியே கூறுகின்றன. அம்முத்துக்கள் கடல் கடந்து போயின. கடலும் சில கல் தொலைவு கிழக்கே விலகிப் போயிற்று. போகாது நின்றவை யாவை? நம் முன்னோர் வனைந்த மண்கலங்களே.

1968-69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் இவ்வூரை அகழ்ந்தபோது தாழிகளும், எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஏறத்தாழக் கி. மு. 785ஆம் ஆண்டினது எனக் கணிக்கப்பட்டது. 2021இல் நிகழ்ந்த அகழ்விலோ, ஒன்பது அடுக்காய் அமைந்த சுடுமண் குழாய் ஒன்று கிட்டிற்று. இதே பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் செர்மானியராகிய யாகோரும், 1899 முதலாக அலெக்சாண்டர் ரீ என்பாரும் கண்ட தாழிகள் மிகப்பல. அவற்றுட் சில மூன்றடிக்கும் மேற்பட்ட உயரமுடையன.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. இத்துணைப் பெருங்கலத்தை ஒரே மூச்சில் எழுப்பல் கூடுமோ? கூடாது. ஈரமண் தன் பாரத்தாலேயே சரிந்து விழும். ஆதலின் அடிப்பகுதியை முதற்கண் அமைத்து, மேல்வரும் பாரத்தைத் தாங்குமளவு இறுகவிட்டு, விளிம்பை மாத்திரம் ஈரத்துணியால் மூடிவைத்தல் வேண்டும். பின்னர்த் திரித்த மண்ணை வளையமாக அதன்மேல் ஏற்றி, உள்ளே கல்லைத் தாங்கலாகக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டி, இரண்டையும் ஒன்றாக்குவர்.

பொருத்தின் உயிர்நிலை ஈரச்சமனே. உலரும்போது மண் சுருங்கும். ஈரம் மிக்கது மிகுதியாகவும், குறைந்தது குறைவாகவும் சுருங்குதலின், பதம் ஒவ்வாத இரண்டை ஒட்டினால் இடையே வெடிப்புத் தோன்றும். இதுபற்றியே இருமுகங்களையும் ஒத்த பதத்திற் கொணர்ந்து, கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, அழுத்தி, உட்புறம் மெல்லிய திரியொன்றை வைத்து வழித்துவிடுவர். மணல் கலத்தலும் சுருக்கத்தைக் குறைப்பதற்கே. ஐயனார் கோயிற் குதிரைகளுக்குக் காலும் உடலும் கழுத்தும் இவ்வாறே பொருத்தப்படுகின்றன. அவற்றின் உள்ளைக் கூடாக்கித் துளை விடுதலும் காரணமின்றி அன்று. உள்ளே தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி வெளியேற வழி வேண்டுமன்றோ?

யாம் இதனை ஏட்டிற் கற்றிலேம். எம் பள்ளிச் சிறுவர் களிமண் யானைக்குத் துதிக்கை ஒட்ட, மறுநாள் அது கீழே விழுந்து கிடந்தது. அவ்வழியே வந்த நம்மவருள் முதியவர் ஒருவர் அதனைக் கையிலெடுத்து நோக்கி, "வாத்தியாரய்யா, உடம்பு காய்ந்து கிழமாயிற்று, துதிக்கை பச்சைக் குழந்தை; இரண்டும் எப்படிச் சேரும்?" என்றார். நிகண்டு பயின்ற யாம் நாணி நின்றேம்.

புறநானூற்றில் 228, 256 ஆகிய இரு செய்யுட்களும் தாழி வனையும் குயவரை நோக்கியே பாடப்பட்டன. முன்னதைப் பாடிய ஐயூர் முடவனாரின் பெயர் உளது. பாடப்பெற்ற கிள்ளிவளவன் பெயரும் உளது. தாழி வனைந்தவர் பெயர் இல்லை. பெயர் போயினும் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாய் வந்தது. இன்றோ, அம்முதியவர் மக்கள் இருவரும் வேற்றூரில் வேறு தொழில் புரிகின்றனர். அதனைக் குறை கூறோம். வயிறு முதற்கண் நிரம்புதல் வேண்டும். ஆயினும் கை ஓயுமுன் சொல்லையேனும் காத்தல் நம் கடன்.

ஆதலின் அன்பர்காள்! உங்கள் வீட்டு மூதாளர் மண்ணின் பதத்திற்கும், பொருத்திற்கும், கருவிக்கும் வழங்கும் சொற்களை, இன்னவூர் வழக்கென்னும் குறிப்போடு எழுதிவைம்மின். கொற்கை முத்தைக் கணக்கிட்டு எழுதினார் பலர். கொற்கை மண்ணைப் பொருத்தினார் அறிவை நாமன்றி எழுதுவார் யார்?