119ஆ, 120ஆ?

போன மாதம் அம்மா போனில் கேட்டாள். "ஏதோ கோல்ஃப் ஆடப் போறியாமே, ஜெயிச்சியாடா?"

"இதுல ஜெயிக்கறது தோக்கறதுன்னு கிடையாதும்மா."

"அப்புறம் எதுக்குடா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்து போறே?"

நியாயமான கேள்வி. அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடி நான் படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வாக்குமூலம். கோல்ஃப் என்றாலே பணக்காரர்கள் ஆட்டம், வியாபாரம் பேசுவதற்காகப் பச்சைப் புல்லில் நடக்கிறார்கள் என்று நினைத்தவன் நான். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு, எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் விடாப்பிடியாகக் கூப்பிட்டு, ராணுவ மைதானம் ஒன்றுக்கு விருந்தாளியாக அழைத்துப் போனார். அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

ஆடத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மொத்தம் 18 குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தை எத்தனை அடியில் போட்டீர்கள் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். குறைந்தால் நல்லது. அவ்வளவுதான்.

அன்று என் கணக்கு 119. நன்றாக ஆடுகிறவர்கள் 72, 75 என்று முடிப்பார்கள். அந்த 119க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்து நாலு பேரும் வராந்தாவில் டீ குடித்தோம். 84 அடித்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். 91 அடித்த கர்னல், கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். குறைவாக அடித்தவர்தானே சந்தோஷப்பட வேண்டும்? கேட்டேன். "அவர் இன்னிக்கு அதிர்ஷ்டத்துல 84. நான் நிஜமாவே ஆடினேன்" என்றார் கர்னல். 84காரரும் மறுக்கவில்லை. மரத்தில் பட்டு உள்ளே திரும்பி வந்த பந்து இரண்டாம்.

பி.காம். முதல் வருடம் படித்தது ஞாபகம் வந்தது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம். ஒரு பதிவே விட்டுப் போயிருக்கலாம். கூட்டுத்தொகை அதையெல்லாம் காட்டிக்கொடுக்காது. கோல்ஃப்காரர்கள் இதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

*

ஆரம்பத்தில் இந்த ஆட்டத்தில் கூட்டுத்தொகையே முக்கியமில்லை. ஸ்காட்லாந்தில் 1744இல் லீத் என்ற ஊரில் முதல் விதிகளை எழுதியபோது, இரண்டு பேர் மோதி யார் அதிகக் குழிகளை ஜெயிக்கிறார் என்றுதான் பார்த்தார்கள். ஒரு குழியில் நீங்கள் பத்து அடி அடித்தாலும் போவது அந்த ஒரு குழி மட்டும். அடுத்ததில் புதுக் கணக்கு. மொத்த அடிகளைக் கூட்டிப் பார்க்கும் முறை செயின்ட் ஆண்ட்ரூஸில் 1759இல்தான் பதிவாகிறது. ஒரு கோப்பைக்கு நிறையப் பேர் போட்டியிட்டால் ஜோடி ஜோடியாக மோதவிட்டு முடியாதே! நிர்வாக வசதிக்கு வந்த எண் அது. நம் ஊரில் மார்க் வந்த மாதிரிதான்.

எண் வந்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. 80 என்பது நல்லதா கெட்டதா? எதோடு ஒப்பிடுவது?

இங்கேதான் வணிகவியல்காரனுக்கு ஒரு பெருமை. 1870இல் பிரெஸ்ட்விக் மைதானத்தில் ஓப்பன் போட்டி நடக்கவிருந்தபோது டோல்மன் என்ற பத்திரிகை எழுத்தாளர் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம், தப்பே செய்யாமல் ஆடினால் எத்தனை அடி ஆகும் என்று கேட்டார். அங்கே அப்போது 12 குழிகள்தான். 49 என்றார்கள். டோல்மன் அதற்குப் 'பார்' என்று பெயர் வைத்தார். குடிக்கும் பார் இல்லை, பங்குச் சந்தைப் பார்! பங்கு முகமதிப்புக்கு மேலே போகிறது, கீழே போகிறது என்கிறோமே, அந்தப் பார். மூன்று சுற்றுக்கு 147 ஆக வேண்டும். இளைய டாம் மோரிஸ் 149இல் முடித்துப் பரிசு பெல்ட்டை வாங்கினார். பாருக்கு இரண்டு மேலே.

1890இல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி கிளப்பின் ஹியூ ரோதரம், ஒவ்வொரு குழிக்கும் ஒரு அளவு வைத்து அதோடு மோதலாம் என்று யோசனை சொன்னார். எதிரே ஆளே இல்லாமல் ஒரு எண்ணோடு போட்டி. அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் இருந்த 'போகி' என்ற பூச்சாண்டிப் பாட்டிலிருந்து அந்தக் கண்ணுக்குத் தெரியாத எதிரிக்குப் பெயர் கிடைத்தது. ராணுவத்தார் கிளப் ஒன்றில் அவரைக் 'கர்னல் போகி' ஆக்கிப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். நான் இதைச் சொன்னபோது எங்கள் கர்னல் ரொம்ப நேரம் சிரித்தார் :-)

அளவுகோல் வந்தாலும் என் மாதிரி ஆட்கள் கதி? ஒரு குழியில் 11 அடித்தால் அன்றைக்கு ஆட்டமே போச்சு. இதை நினைத்துப் பார்த்தவர் ஃப்ராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு, தொழிலால் அறுவை சிகிச்சை மருத்துவர். வாலஸி கிளப்பில் 1932 மே மாதம் அவருடைய முறையில் முதல் போட்டி நடந்தது. இன்றைய வழக்கப்படி, ஒரு குழியைப் பாரில் முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே இறங்க முடியாது. 7 அடித்தாலும் 11 அடித்தாலும் அதே பூஜ்யம். பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். வாராக் கடனை ஒரு வரம்போடு தள்ளுபடி செய்துவிட்டுக் கிளையைத் தொடர்ந்து நடத்துவது மாதிரி.

ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு இதைவிட எனக்குப் பிடித்தது. பலவீனமான ஆட்டக்காரருக்கு இத்தனை அடி சலுகை என்று கணக்கிட்டு, பலசாலியோடு சமமாக ஆட வைப்பது. நாட்டுக்கு நாடு வேறு வேறாக இருந்த முறைகளை 2020இல் ஒன்றாக்கினார்கள். மைதானத்தின் கடினத்துக்குத் தக்கபடி சரிசெய்து, உங்களுடைய கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். மீதி 12ஐக் கண்டுகொள்வதில்லை. "நீ வழக்கமாக எப்படி ஆடுகிறாய்" என்று அது கேட்கவில்லை, "உன்னால் எவ்வளவு முடியும்" என்று கேட்கிறது. ஆகையால் பெரும்பாலான நாட்களில் யாரும் தன் ஹேண்டிகேப்புக்கு ஆட மாட்டார்கள். அது தோல்வி இல்லை, அந்தக் கணக்கே அப்படித்தான். பரீட்சைத் தாளோடு நிற்கும் என் மகளிடம் ஒரு தடவையாவது இப்படிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

*

சரி, 84க்கும் 91க்கும் வருவோம். அதிர்ஷ்டத்தையும் ஆட்டத்தையும் எப்படிப் பிரிப்பது?

பழைய வழி, தனித்தனியாக எண்ணுவது. முதல் அடி பந்தை நடுப் பாதையில் போட்டதா? பாருக்கு இரண்டு அடி மிச்சம் இருக்கும்போதே குழியைச் சுற்றிய கிரீனில் ஏறினோமா? அங்கே எத்தனை தட்டு? இதிலும் ஏமாற்று உண்டு. கிரீனுக்கு வெளியே தவறவிட்டு, அங்கிருந்து குழிக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டு ஒரே தட்டில் முடிப்பவர் 'நான் இன்றைக்குக் குறைவாகத்தான் தட்டினேன்' என்று பெருமைப்படலாம். உண்மையில் தவறவிட்டதால் வந்த சிக்கனம் அது.

கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி இதற்கு வழி கண்டார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து, எந்த இடத்திலிருந்து சராசரியாக எத்தனை அடி ஆகும் என்று பட்டியல் போட்டார். 8 அடி தூரத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சராசரி 1.5 தட்டு. ஒரே தட்டில் போட்டால் அரை லாபம், இரண்டானால் அரை நஷ்டம். 33 அடியிலிருந்து சராசரி 2. அங்கே இரண்டு தட்டில் முடித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் தனி லாப நஷ்டக் கணக்கு! பி.ஜி.ஏ. டூர் 2011இல் இதைக் கிரீன் தட்டுகளுக்கு முதலில் ஏற்றுக்கொண்டது. பிறகு மற்ற அடிகளுக்கும் வந்தது.

எண் வருவதற்கு முன்பே இதை உணர்ந்தவர்கள் உண்டு. இந்த ஊரின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது. அங்கே புல்தரையைப் பராமரித்தவருடைய மகன் எஸ்.எஸ்.பி. சௌரசியா. நெடுந்தூரம் அடிக்கிறவர் இல்லை. குழிக்கு அருகே செய்யும் நுண்வேலைக்காக 'சிப்பட்சியா' என்றே அவருக்குச் செல்லப்பெயர். 2008இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார். 2016, 2017 இரண்டு வருடமும் இந்தியன் ஓப்பன் அவருக்குத்தான். முதல் அடியின் தூரத்தை வைத்து மட்டும் அவரை மதிப்பிட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

*

எந்தக் கணக்கும் பிடிக்காத இடம் ஒன்று உண்டு.

1925, அமெரிக்க ஓப்பன், வூஸ்டர் மைதானம். முதல் சுற்றின் 11ஆவது குழியில் பாபி ஜோன்ஸ் புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. நடுவர்கள் முடிவை அவரிடமே விட்டார்கள். ஓர் அடி அபராதத்தைத் தானே போட்டுக்கொண்டார். 76 ஆக வேண்டியது 77 ஆனது. நாலு சுற்று முடிவில் வில்லி மக்ஃபர்லேனோடு 291இல் சமம். மறுநாள் 36 குழி மறுஆட்டத்தில் ஓர் அடியில் தோற்றார். அந்த அபராதம் இல்லையென்றால் மறுஆட்டமே கிடையாது, கோப்பை அவருடையது. பாராட்ட வந்தவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காக ஒருவனைப் பாராட்டுவீர்களா என்று கேட்டதாகச் சொல்வார்கள். வங்கிக்காரனாக எனக்கு இதைவிடப் பிடித்த வாசகம் இந்த ஆட்டத்தில் இல்லை.

இன்னொன்று 1968 மாஸ்டர்ஸ். அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோவுக்கு அன்று 45ஆவது பிறந்தநாள். கடைசி நாளில் 65 அடித்தார். உடன் ஆடுபவர்தான் உங்கள் அட்டையை எழுதுவார், நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பாஷையில் மேக்கர், செக்கர். 17ஆவது குழியில் 3 என்பது 4 என்று எழுதப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். விதிப்படி எழுதியதுதான் நிற்கும். 65 என்பது 66 ஆகி, மறுஆட்ட வாய்ப்பும் போய், பாப் கோல்பி ஜெயித்தார். டி விசென்சோ எழுதியவரைக் குறை சொல்லவில்லை, தன்னையே நொந்துகொண்டார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பாபி ஜோன்ஸ் பெயரில் கொடுக்கும் நன்னடத்தை விருதை 1970இல் அவருக்குக் கொடுத்தது. ஒருவர் கண்ணில் படாததைக் கூட்டினார், மற்றவர் கண்ணில் பட வேண்டியதைத் தவறவிட்டார். இரண்டு பேரும் கோப்பையை இழந்தார்கள், பெயரை இழக்கவில்லை.

இப்போது என் 119.

பதினான்காவது குழி. பந்து உயரமான புல்லில். அதற்குப் பின்னால் மட்டையை வைத்தேன், பந்து அரை உருட்டு உருண்டது. ஓர் அடி அபராதம், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். விதி எனக்குத் தெரியும். சுற்றிப் பார்த்தேன். கர்னல் தூரத்தில் இருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக 120க்குக் கீழே வரும் வாய்ப்பு. அப்படியே அடித்துவிட்டு நடந்தேன். பை தூக்கி வந்த கேடிப் பையன் குனிந்து புல்லைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கர்னல் கை குலுக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தினமும் மற்றவர்கள் வவுச்சரில் விட்டுப் போனதைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. முழுதாக விட்டுப் போன பதிவை டிரையல் பேலன்ஸ் ஒருபோதும் காட்டாது. எழுதாதவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு கர்னலிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அட்டை வீட்டில இருக்கா? திருத்திடுங்க" என்றார், அவ்வளவுதான். திருத்தினேன். கேடிப் பையனிடமும் சொன்னேன். "தெரியும் சார்" என்றான். அதுதான் கர்னல் சொன்னதைவிடச் சுருக்கென்று தைத்தது.

அன்று நான் 124 அடித்தேன். ஒரே ஒரு அடி, ஏழாவது குழியில், பந்து மட்டையில் பட்டதே தெரியாத மாதிரி போனது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது. ஒன்றும் விட்டுப் போகாமல் எண்ணிய 124.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்கு நல்லா ஆடினேம்மா."

"ஜெயிச்சியா?"

"இல்லம்மா, போன வாரத்தைவிட நாலு கூட."

"கூடன்னா நல்லதுதானேடா!"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.