விஷகன்னி: ஒரு தொகைச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்பு வரலாறும்

தொட்டவரைக் கொல்லும் ஆற்றலுடைய இளம்பெண்ணும் அவள்மீது காதல்கொள்ளும் இளைஞனும் இன்றைய ஆங்கில இளையோர் புதினங்களில் இடம்பெறும் கதைமாந்தர்கள். தஹேரே மாஃபி எழுதி 2011இல் வெளிவந்த ‘ஷாட்டர் மீ’ இதற்குத் தக்க சான்று. இக்கதைக்கூறின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று இந்திய இலக்கியத்தில் வரும் விஷகன்னி ஆகும். மொழிபெயர்ப்பின் வழியே அவள் மேலைநாடுகளுக்குச் சென்ற வரலாற்றை நோக்கின், ஒரு தொகைச்சொல்லை விரித்த முறையே ஒரு பெண்பாத்திரத்தின் தன்மையைத் தீர்மானித்தது என்பது விளங்கும்.

1. தொகையும் விரியும்

‘விஷகன்யா’ என்பது வடமொழித் தொகைச்சொல். நஞ்சிற்கும் பெண்ணிற்கும் உள்ள உறவு யாது என்பதை அச்சொல் வெளிப்படையாகக் கூறுவதில்லை. தமிழில் இதனை மூவகையாக விரிக்கலாம். ‘நஞ்சு ஊட்டி வளர்க்கப்பட்ட கன்னி’ என்றால் அவள் பிறர் செய்த தீங்கிற்கு ஆளானவள். ‘நஞ்சால் கொல்லும் கன்னி’ என்றால் அவளே வினைமுதல். ‘நஞ்சாகிய கன்னி’ என்றால் அவள் பிறர் கையில் ஒரு கருவி. முதல் விரியில் இரக்கமும், இரண்டாவதில் குற்றமும் அமைகின்றன. மூன்றாவதில் இவ்விரண்டிற்கும் இடமில்லை.

2. வடமொழி நூல்களில் கருவி

சுசுருத சங்கிதையின் கற்பத்தானம், அரசனை நஞ்சினின்று காக்கும் முறைகளைக் கூறுமிடத்தில், விஷகன்னியைக் கூடுபவன் கணத்தில் உயிரிழப்பான் என எச்சரிக்கிறது. விசாகதத்தரின் முத்திராராட்சசம் என்னும் நாடகத்தின் காலம் கி.பி. 4 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை பலவாறு கணிக்கப்படுகிறது. அதில் நந்தரின் அமைச்சனான ராட்சசன் சந்திரகுப்தனைக் கொல்ல ஒரு விஷகன்னியை ஏவுகிறான். சாணக்கியன் அவளைப் பர்வதகனிடம் திருப்பிவிட, அவன் மடிகிறான். நாடகம் தொடங்கும் முன்பே இது நிகழ்ந்து முடிகிறது. அப்பெண் மேடையில் தோன்றுவதில்லை, பேசுவதும் இல்லை. அருச்சுனனுக்கெனக் கர்ணன் காத்துவைத்திருந்து கடோற்கசன்மேல் எறிய நேர்ந்த சத்தி ஆயுதத்தோடு ராட்சசன் அவளை ஒப்பிடுகிறான். ஒருவனை மட்டுமே கொல்ல வல்ல ஆயுதம் என்பதே அவ்வுவமையின் பொதுத்தன்மை. இங்கு மூன்றாம் விரியே மேலோங்குகிறது.

3. அரபும் இலத்தீனும்

‘சிர் அல்-அஸ்ரார்’ என்னும் அரபு நூல், அரிஸ்டாட்டில் அலெக்சாந்தருக்கு எழுதிய அறிவுரையாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதாகவும் அது கூறுகிறது. ஆயினும் அதற்குக் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. இந்தியாவிலிருந்து பரிசாக வந்த அழகி ஒருத்தி, இளமை முதல் நஞ்சுண்டு பாம்பின் இயல்பை எய்தியவள் என்றும், அவளைத் தாம் இனங்கண்டு அரசனைக் காத்ததாகவும் அரிஸ்டாட்டில் அதில் நினைவூட்டுகிறார். இந்நூலைத் திரிப்போலியின் பிலிப் 13ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் முழுமையாகப் பெயர்த்தார். பின்வந்த வடிவங்களில் கொல்லும் முறை கடி, தழுவல், வியர்வை, மூச்சு எனப் பலவாறு மாறுகிறது. அவள் வளர்க்கப்பட்ட முறை கூறப்படுவதால் முதல் விரி இங்கு இடம்பெறுகிறது. எனினும் அவள் வாய் திறப்பதில்லை. ‘கெஸ்டா ரோமனோரம்’ என்னும் இலத்தீன் கதைத்தொகுப்பில் அனுப்பியவள் வடநாட்டு அரசியாகிறாள். பெண் அவள் மகளாகிறாள். கதையின் இறுதியில் சேர்க்கப்பட்ட சமய விளக்கம் அம்மகளைச் சிற்றின்பத்தின் உருவகமாக்குகிறது. ஊட்டப்பட்டவளே குற்றத்தின் வடிவமாக மாறிவிடுகிறாள்.

4. ஹாதார்னின் போலி மொழிபெயர்ப்பு

தாமஸ் பிரவுன் 1646இல் வெளியிட்ட நூலில் இந்திய அரசன் அலெக்சாந்தருக்கு அனுப்பிய நச்சுப்பெண் கதையைக் குறிப்பிட்டு, அதன் உண்மையை ஐயுற்றார். அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் இச்செய்தியைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1844இல் ‘ரப்பாச்சினியின் மகள்’ என்னும் கதையை வெளியிட்டார். இதனையும் ஒரு மொழிபெயர்ப்பாகவே அவர் அறிமுகப்படுத்தினார். ஓபெப்பின் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் மூல ஆசிரியராகக் காட்டப்படுகிறார். ஹாதார்ன் என்னும் செடிப்பெயரின் பிரெஞ்சு வடிவமே அப்பெயர். மூலத்தின் தலைப்பாக அவர் புனைந்து தந்தது ‘பெயாத்ரிஸ், அல்லது அழகிய நஞ்சூட்டி’ எனப் பொருள்படும். பிரெஞ்சில் அது வினைமுதற்பெயர். அதாவது இரண்டாம் விரி.

கதையோ அத்தலைப்பை மறுக்கிறது. பதுவா நகரில் மருத்துவ அறிஞரான தந்தை, நச்சுச்செடிகளிடையே மகளை வளர்க்கிறார். அவளைக் காதலிக்கும் ஜியோவான்னி தன் உடலிலும் நஞ்சு ஏறியதை அறிந்ததும் அவளைக் கடுமையாகப் பழிக்கிறான். அவன் தந்த மாற்றுமருந்தைப் பருகி அவள் இறக்கிறாள். தன் இயல்பைவிட அவன் இயல்பிலேயே தொடக்கம் முதல் நஞ்சு மிகுந்திருந்ததோ என்று கேட்டுவிட்டே அவள் உயிர்விடுகிறாள். பலர் வாயிலாகப் பேசப்பட்ட பெண் இங்கே தானே பேசுகிறாள். புனைந்த பிரெஞ்சுத் தலைப்பு அவளை வினைமுதலாக்க, ஆங்கிலத் தலைப்பு ஆறாம் வேற்றுமையால் தந்தைக்கு உரியவளாக்குகிறது. இவ்விரு தலைப்பிற்கும் இடையிலுள்ள முரணே கதையின் உயிர்நாடி. இரண்டையும் ‘நச்சுக்கன்னி’ என்று பெயர்த்தால் அம்முரண் மறைந்துவிடும்.

5. தன்மைக் கூற்று

மாஃபியின் பதினேழு வயது ஜூலியட், விஷகன்னியின் நேர்வழித்தோன்றல் என நிறுவ இயலாது; ஆயினும் ஒப்புமை கருதத்தக்கது. அவள் தொடுகை கொல்லும். ஆட்சியாளர்கள் அவளை ஆயுதமாக்க முனைகின்றனர். ராட்சசனின் நோக்கும் இதுவே. வேறுபாடு கதைகூறும் இடத்தில் உள்ளது. கதை அவள் தன்மைக் கூற்றாகவே அமைகிறது. எழுதி அடித்த தொடர்களும் அச்சில் கோடிட்டுக் காட்டப்படுகின்றன. சொல்ல எண்ணியதும் சொல்லத் துணிந்ததும் ஒரே வரியில் நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் அவ்வடித்தல்களை நீக்கின் அப்பெண்ணின் தயக்கத்தையும் நீக்கியவராவார்.

6. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவது

வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் 1893இல் இக்கதைமரபை ஆராய்ந்தபோது ஜெர்மனில் ‘கிஃப்ட்மேட்ஷென்’ என்றும், பென்சர் 1952இல் வெளியிட்ட நூலில் ஆங்கிலத்தில் ‘பாய்சன் டாம்சல்’ என்றும் குறித்தனர். இரண்டுமே உறவை வெளிப்படுத்தாத தொகைகள். ஆய்வுச்சொல்லுக்கு அவை பொருந்துவன. இலக்கிய மொழிபெயர்ப்பில் ஒரே சொல் எல்லா இடத்திற்கும் போதாது. மூலம் தொகையாக விட்டதைத் தொகையாகவே விடுதலும், மூலம் விரித்ததை அவ்விரியின் வழியே பெயர்த்தலும் தக்க நெறி. அந்நெறி பிறழின், நஞ்சை ஊட்டியவர் மறைந்து, ஊட்டப்பட்டவளே பழி சுமப்பாள். ‘கெஸ்டா ரோமனோரம்’ காட்டும் பாடம் இதுவே.