செஞ்சி அவுரியும் சென்னை மாத்திரையும்

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜன் கதையும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கோட்டையைச் சுற்றிய சமவெளிக்கும் ஒரு வரலாறு உண்டு. செஞ்சி அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டம், சென்னை மாகாணத்தில் அவுரி மிகுதியாக விளைந்த இடங்களுள் ஒன்று. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்துக் கடைந்து எடுத்த நீலக் கட்டிகள் கப்பலேறின. நீலம் தோய்த்த புதுச்சேரித் துணி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்று விலைபோயிற்று.

இத்தொழிலை வீழ்த்தியது போரன்று, ரசாயனம். 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீனைக் கொண்டு ஊதாச் சாயம் செய்தார். 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். நம் அவுரி வயல்கள் சுருங்கின.

புதிய சாயங்கள் தம்மைச் செய்தவர்களிடமும் விலை கேட்டன. 1895-இல் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், பூக்சின் என்னும் சிவப்புச் சாயம் செய்த தொழிலாளர் மூவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டதை அறிவித்தார். (செயற்கை நீலத்தின் மீது பழி போட வேண்டாம், குற்றவாளிகள் வேறு.) 1938-இல் ஹியூப்பர் என்பவர் பீட்டா நாப்தைலமீன் என்ற சாயமூலப் பொருளை நாய்களுக்குக் கொடுத்து, அதே நோயை உண்டாக்கிக் காட்டினார்.

ஆனால் ஒரே கொட்டகையில் ஒன்றாக உழைத்த இருவரில் ஒருவருக்கு நோய் வருவானேன், மற்றவர் தப்புவானேன்?

விடையின் ஒரு நுனி நம் சென்னையில் இருந்தது. 1956-இல் இங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. ஐசோனியசிட் மாத்திரையை ஒரே அளவில் விழுங்கினாலும், சிலர் உடம்பு அதை விரைவில் செயலிழக்கச் செய்கிறது. சிலர் உடம்பு மெதுவாகச் செய்கிறது. வேகக்காரர், மந்தக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அங்கு ஆராயப்பட்ட தென்னிந்திய நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர் மந்தக்காரர். வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்தபோது வேகக்காரருக்குக் குணம் குறைவாகவே தெரிந்தது. காசநோயில் மந்தம் ஓரளவு அதிர்ஷ்டம்தான்!

இந்த வேறுபாடு பெற்றோர் வழி வருவது. எட்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன், கல்லீரலில் ஒரு நொதியை ஆக்குகிறது. மாத்திரையைச் செயலிழக்கச் செய்யும் அதே நொதிதான் சாயத் தொழிலின் அமீன் நஞ்சுகளையும் அடக்குகிறது. நொதி மந்தமானால், அடங்காத நஞ்சு வேறொரு வழியில் மாற்றமடைந்து சிறுநீரோடு இறங்கும். சிறுநீர் பையில் மணிக்கணக்கில் தங்குகிறதல்லவா? அங்கேதான் அது உட்சுவரைத் தாக்குகிறது. 1982-இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வில், சாயத் தொழிலில் இருந்து இப்புற்றுநோய் கண்ட 23 பேரில் 22 பேர் மந்தக்காரர்களாக இருந்தனர்.

சாயப் பட்டறையையே பாராதவருக்கும் இதில் பங்குண்டு. புகையிலைப் புகையிலும் இதே அமீன்கள் உள்ளன. 2005-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று, மந்தக்காரருக்கு ஆபத்து ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் என்றது. அந்தக் கூடுதலும் புகைப்போரிடமே துலங்கியது. புகையாத மந்தக்காரருக்கு அந்த ஜீனால் பெரிய தீங்கில்லை. இதற்கு மாறாக, பென்சிடின் என்ற மற்றொரு சாயமூலப் பொருளோடு உழைத்த சீனத் தொழிலாளரிடம் மந்தம் கேடாகத் தெரியவில்லை என்று 1993-இல் வந்த ஆய்வு கூறிற்று. நஞ்சு மாறினால் கணக்கும் மாறுகிறது.

வேலைக்கு எடுக்குமுன் ஜீனைச் சோதிக்கலாமா என்று 1980-களில் அமெரிக்காவில் விவாதம் எழுந்தது. எனக்கு இது தலைகீழ் யோசனையாகவே படுகிறது. நம்மவரில் பாதிக்கு மேற்பட்டோரை வாயிலிலேயே நிறுத்த வேண்டியிருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிரிட்டனில் ஒரு தொழிற்சாலையில் பீட்டா நாப்தைலமீனைக் காய்ச்சி வடித்த சிறு குழுவினரைப் பற்றிய செய்தி 1950-களில் வெளிவந்தது. அவர்களுள் வேகக்காரரும் இருந்திருப்பர். ஆயினும் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் புற்றுநோய் கண்டது. 1967-இல் அந்நாடு அப்பொருளையே தடை செய்தது.