காற்றின் மீது ஒரு வழக்கு

1865 ஆகஸ்ட் 12 அன்று, கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதில் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. தோல் கிழியாத முறிவு கட்டுப்போட்டால் கூடிவிடும். தோல் கிழிந்தது சீழ்பிடிக்கும். ஆகவே காலையே வெட்டியெடுப்பது அக்கால மருத்துவத்தில் பரவலான வழக்கம். ஜோசப் லிஸ்டரோ கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியைக் காயத்தில் வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை, ஆறு வாரங்களில் எலும்பு கூடியது.

இரு வகை முறிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு தோல் மட்டுமே என்பதால், கேடு வெளியிலிருந்து நுழைகிறது என்பது தெளிவாயிற்று. வெளியில் எங்கிருந்து? பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்திருந்த லிஸ்டர் காற்றைக் குற்றவாளியாகக் கண்டார். 1870களில் அறுவை நடக்கும் இடமெங்கும் கார்பாலிக் அமிலத்தைத் தூவும் கருவியைப் பயன்படுத்தினார். ஆனால் கைகள், கருவிகள், துணிகள் ஆகியவற்றின் வழியாகவே கிருமிகள் மிகுதியாகப் புகுகின்றன என்ற கருத்து வலுப்பெற்றது. 1890இல் பெர்லின் மாநாட்டில் லிஸ்டரே தூவலைப் பரிந்துரைத்ததற்கு வருந்தினார். நீராவியில் தூய்மை செய்த கருவிகளும் ரப்பர் கையுறைகளும் அறுவை அரங்கில் இடம்பிடித்தன. காற்று ஏறக்குறைய விடுவிக்கப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் லங்காஷயரில், முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டனில், ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டுகளைப் பொருத்தத் தொடங்கியிருந்தார். வழக்கமான தூய்மை முறைகள் அனைத்தும் இருந்தும், தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழுக்குமேல் நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. உடலுக்குள் வைக்கப்படும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இரத்த ஓட்டம் இல்லை. அவற்றின் மேல் ஒட்டி அடுக்குப் படலமாகும் கிருமிகளை மருந்தும் உடலின் எதிர்ப்பும் எளிதில் எட்டா. சில கிருமிகளே போதும். சில நேரங்களில் மாதங்கள், ஆண்டுகள் கழித்தே தொற்று வெளிப்படும். அப்போது மூட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

சார்ன்லி அறுவை மேசையைச் சுற்றி, 'பசுமைக்குடில்' எனப் பெயர்பெற்ற ஒரு கண்ணாடி அறையை அமைத்து, வடிகட்டிய காற்றைச் செலுத்தினார். மருத்துவர் வெளிவிடும் மூச்சை உறிஞ்சி அகற்றும் முழு உடையையும் உருவாக்கினார். காற்றின் பங்கு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தடுப்பு மருந்தாக ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தவிர்த்தார். 1970 வாக்கில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எனினும் அந்தப் பத்தாண்டுகளில் உடை, கையுறை, தையல் முறை என வேறு பலவும் மாறியிருந்தன. இறக்கத்தில் காற்றுக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த எண் மட்டும் சொல்ல இயலாது.

ஆகவே ஓவன் லிட்வெல் குழு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 8,000க்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் அறுவைகளை ஆராய்ந்தது. 1982இல் வெளியான முடிவின்படி, மிகத் தூய காற்றில் ஆழ்தொற்று பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் ஆன்டிபயாடிக் கொடுப்பது குலுக்கலுக்கு உட்படுத்தப்படவில்லை. அதைப் பெற்றவர்களிடமும் தொற்று வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆன்டிபயாடிக் எங்கும் வழக்கமான பின், காற்றால் கிடைக்கும் கூடுதல் பயன் கேள்விக்குள்ளாயிற்று. 2011இல் நியூசிலாந்து மூட்டுப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், சீரோட்டக் காற்று அமைந்த அரங்குகளில் தொடக்கத் தொற்று குறையவில்லை, மாறாகக் கூடுதலாக இருந்தது எனக் கண்டனர். 2016இல் உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்று அறுவைகளில் தொற்றைக் குறைப்பதற்காக அத்தகைய காற்றமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. சான்றின் தரம் குறைவு என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது.

1982இன் முடிவும் 2016இன் பரிந்துரையும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. முன்னது ஆன்டிபயாடிக் அனைவருக்கும் கொடுக்கப்படாத அரங்கைப் பற்றியது. பின்னது அது கட்டாயமான அரங்கைப் பற்றியது. பெரும் பொருட்செலவில் அமையும் காற்றமைப்பை வாங்கும் மருத்துவமனை நிர்வாகம் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சான்று எந்தக் காலத்து அரங்கைப் பற்றிப் பேசுகிறது என்பதே. அந்தப் பணத்தில் கைகழுவும் வசதியையும், அறுவைக்கு முன் உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் கிடைப்பதையும் உறுதிசெய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி.