மெட்ராஸில் பிறந்தவர் இங்கிலாந்துக்குப் பாடிய கதை

யூரோவிஷன் என்று ஒரு பாட்டுப் போட்டி. 1956ல் ஆரம்பித்தது. ஐரோப்பிய நாடுகள் வருஷத்துக்கு ஆளுக்கொரு புதுப் பாட்டு அனுப்பும். மற்ற நாடுகள் அதற்கு மார்க் போடும். தன் பாட்டுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. 1974ல் அபா குழு ஸ்வீடனுக்காக ஜெயித்தது இங்கேதான்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட் 1968ல் பிரிட்டனுக்காகப் பாடி, ஒரே ஒரு மார்க்கில் ஸ்பெயினிடம் தோற்றார். 1973ல் மறுபடி போய் மூன்றாவதாக வந்தார்.

அடுத்தவர் நம்ம மெட்ராஸ்! ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்ஸி, 1936 மே 2ல் அங்கே பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில். பத்து வயதில் குடும்பம் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. பாடகரான பிறகு 1965ல் மேனேஜர் அவர் பெயரையே மாற்றிவிட்டார். ஒரு பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரைத் தூக்கி இவருக்கு வைத்தார்: எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். 1967ல் இவருடைய 'ரிலீஸ் மீ' முதலிடத்தில் உட்கார்ந்துகொள்ள, பீட்டில்ஸின் புது இசைத்தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது.

2012ல் பிபிசி இவரை யூரோவிஷனுக்கு அனுப்பியது. அஜர்பைஜானின் பாகூ நகரம், மே 26. இவருக்கு வயது 76. இறுதிச் சுற்றின் 26 பாட்டுகளில் இவருடையதுதான் முதல். 'லவ் வில் செட் யூ ஃப்ரீ' என்ற ஆங்கிலக் காதல் பாட்டு. கிடைத்தது 12 மார்க், 25வது இடம்.

அன்றைக்கு ஜெயித்தவர் லோரீன், 372 மார்க். ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், பெற்றோர் மொராக்கோவிலிருந்து வந்தவர்கள். அந்தக் குடியேறிய வீட்டுப் பெண்ணைத்தான் ஸ்வீடன் தன் பாடகி என்று அனுப்பியது.

இரண்டாம் இடம் ரஷ்யாவின் புரானோவோ கிராமத்துப் பாட்டிமார்களுக்கு. இடையில் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து, தங்கள் உத்மூர்த் மொழியில் பாடினார்கள். ரஷ்யாவுக்குள்ளேயே சிறுபான்மை மொழி அது. 259 மார்க்!

இந்த மூன்று பேரையும் ஒரே மேடையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்ப்பது பொம்மசந்திரா தொழிற்பேட்டையில். ஷிப்டு விடும் நேரம் தெருவில் நின்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் காதில் விழும். என் மகள் இங்கேயே பிறந்தவள். பள்ளியில் கன்னடம், தோழிகளோடு இங்கிலீஷ். திருநெல்வேலிக்குப் போனால் ஆச்சி அவளை 'பெங்களூர்க்காரி' என்பார். இங்கே அக்கம்பக்கத்தில் 'தமிழ்ப் பொண்ணு'.

பிறந்த ஊர் ஒருவரோடு எவ்வளவு தூரம் வரும்? ஹம்பர்டிங்குக்குப் பிறப்புப் பதிவில் மெட்ராஸ் இருக்கிறது; பாகூவில் பாடிய பாட்டில் அதன் வாடை கிடையாது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த ஊரின் பாட்டை அவர் பாடினார். லோரீனும் அப்படித்தான். பாட்டிமார்கள் மட்டும் வீட்டு மொழியையே மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதைத் தினமும் பேசி, பாடி வைத்திருந்ததால் முடிந்தது.

என் மகள் நாளைக்கு எந்தக் கொடிக்குக் கீழே நின்று பாடினாலும் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவள் வாயில் ஒரு தமிழ்ப் பாட்டும் இருக்க வேண்டும் என்றால், அதை நாங்கள்தான் வீட்டில் பாட வேண்டும். தாய்மொழியைப் பள்ளிக்கூடமும் மேடையும் சொல்லிக் கொடுக்கும் என்று காத்திருந்தால் நடக்குமா, சொல்லுங்கள்?